37.33 விநாடி

1972 ஆகஸ்ட், ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரம். பாராலிம்பிக் 50 மீட்டர் ப்ரீஸ்டைல் நீச்சலில் முரளிகாந்த் பேட்கர் 37.33 விநாடியில் சுவரைத் தொட்டார். தங்கம், கூடவே உலக சாதனை. ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் தங்கம் இதுதான். ஒலிம்பிக் தங்கத்தோடு அபினவ் பிந்த்ரா வர இன்னும் 36 ஆண்டுகள் இருந்தன.

பேட்கர் என்றதும் எல்லோரும் 1965 போரைத்தான் சொல்வார்கள். ராணுவத்தின் இஎம்இ (மின், இயந்திரப் பொறியியல்) பிரிவு வீரர், குத்துச்சண்டைக்காரர். பாகிஸ்தானுடனான சண்டையில் குண்டடி பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. முதுகுத்தண்டில் ஒரு குண்டு தங்கிவிட்டது. 2024இல் வந்த ‘சந்து சாம்பியன்’ படமும் இந்த மன உறுதிக் கதையைத்தான் பிடித்துக்கொண்டது. இருக்கட்டும். ஆனால் மன உறுதி மட்டும் ஒருவரை 37 விநாடியில் 50 மீட்டர் கொண்டுபோய்ச் சேர்க்காது.

காஞ்சிபுரம் மாவட்டத்துத் தென்னேரி ஏரியில் நீச்சல் பழகியவர்களுக்கு இது தெரியும்: கால் உதைப்பதை நிறுத்தினால் முதலில் காலும் இடுப்பும் அமிழும். பிறகு உடம்பு சாய்ந்து, தண்ணீர் மொத்தமாக நெஞ்சில் மோதும். ப்ரீஸ்டைலில் வேகத்தில் பெரும்பங்கு கை தருவதுதான். ஆனால் உடம்பை மட்டமாக வைத்திருப்பது கால். நெசவாளரின் குழித்தறியில் மிதி பாவு நூலைப் பிரித்துக் கொடுத்தால்தானே நாடா ஓடும்? பேட்கருக்கு அந்த மிதி இல்லை.

கணக்கைப் பாருங்கள். 37.33 விநாடி என்றால் விநாடிக்குச் சுமார் 1.34 மீட்டர். சில வாரம் கழித்து மியூனிக் ஒலிம்பிக்கில் மார்க் ஸ்பிட்ஸ் 100 மீட்டரை 51.22 விநாடியில் நீந்தினார், விநாடிக்கு 1.95 மீட்டர். தூரம் வேறு என்பதால் நேர் ஒப்பீடு ஆகாது. ஆனாலும் உலகின் மிகச் சிறந்த நீச்சல்காரரின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், கால் இல்லாமல்!

குத்துச்சண்டைதான் கைகொடுத்தது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். நல்ல குத்து பாதத்தில் பிறந்து இடுப்பு வழியாகத் தோளுக்கு ஏறுகிறது. அந்தப் பாதையே அறுந்துபோனவரிடம் மிஞ்சியது தோளும் மூச்சும்தான். மற்றதைத் தண்ணீரில் புதிதாகத்தான் கட்டியிருக்க வேண்டும். சிகிச்சைக்காக இறங்கிய குளம் பயிற்சிக் களமானது. இடையில் 1968 டெல் அவிவ் பாராலிம்பிக்கில் டேபிள் டென்னிஸும் ஆடினார்.

போர் தொட்ட இன்னொரு விளையாட்டு வீரரைப் பாருங்கள். நியூசிலாந்தின் ரக்பி கேப்டன் டேவ் கலஹர் 1917இல் பெல்ஜியப் போர்க்களத்தில் இறந்தார். ஆனாலும் 1905 பிரிட்டன் சுற்றுப்பயணத்தில் அவர் ஆடிய விங் பார்வர்டு இடம் விதிக்கு உட்பட்டதா என்ற வாதம் ரக்பி வரலாற்றில் தனி அத்தியாயம். போர்வீரரை அங்கே ஆட்டக்காரராகவும் பார்க்கிறார்கள். நாம் பேட்கரின் கைவீச்சைப் பற்றி ஒரு வரி எழுதியிருப்போமா?

இந்தியாவின் அடுத்த பாராலிம்பிக் தங்கத்துக்கு 2004இல் தேவேந்திர ஜஜாரியா வர வேண்டியிருந்தது. பேட்கருக்குப் பத்மஸ்ரீ 2018இல்தான். வாழ்நாள் சாதனைக்கான அர்ஜுனா விருது 2025 ஜனவரியில், 80 வயதில். அதே ஆண்டுப் பட்டியலில் நம் காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசனும் இருந்தார். அவர் பாரிஸ் பாராலிம்பிக்கில் பாட்மின்டன் வெள்ளி வென்று அப்போது ஐந்து மாதம்கூட ஆகவில்லை.