பாட்டி பெயரில் ஒரு பாட்டு, பேரன் இல்லாத மேடை

திறனாய்வுக் கேள்வி வந்தாலே நம் மாணவர்கள் பாடுபொருள், நயம் என்று இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு பாட்டு எப்படிப் பிறந்தது, பிறகு மேடைகளில் அதற்கு என்ன ஆனது என்று பார்ப்பதும் திறனாய்வுதான். அதற்கு 'என்ஜாய் எஞ்சாமி' நல்ல எடுத்துக்காட்டு.

பாட்டு வெளிவந்தது 2021 மார்ச் 7. வரிகள் அறிவு, பாடியவர்கள் தீ, அறிவு, இசை சந்தோஷ் நாராயணன். கானா, ராப், ராக் மூன்றையும் கலந்து 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவில் பாடியவர் அறிவு. இந்தப் பாட்டு அவர் தம் பாட்டி வள்ளியம்மாளுக்கும் நிலமில்லாத முன்னோருக்கும் செலுத்திய காணிக்கை. வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அப்படித் திரும்பிய குடும்பங்களில் ஒன்று அவருடையது. பாட்டுக்குள்ளேயே அறிவு தம்மை வள்ளியம்மாளின் பேரன் என்றுதான் அறிமுகப்படுத்திக்கொள்கிறார்.

தேயிலைக்குப் பதிலாகப் பால்மரம் என்று வைத்துப் பாருங்கள். ஜாசின், புக்கிட் அசகான், மெர்லிமாவ் பக்கம் விடியற்காலைப் பெரட்டுக்குப் போய், நிரை பிடித்துப் பால் வெட்டினவங்க கதையும் இதுதானே? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டம் கைமாறியது. லயத்து வீட்டைக் காலி செய்தவர்கள் கையில் ஒரு துண்டு நிலம் இல்லை.

தலைப்பைக் கவனியுங்கள். 'என் சாமி' பேச்சில் 'எஞ்சாமி' ஆகிறது. சகரத்தின் முன் னகரம் ஞகரமாகத் திரிகிறது. முதலாளியிடம் கெஞ்சும்போதும் சாமி, பேரப்பிள்ளையைக் கொஞ்சும்போதும் சாமி. இந்த இரட்டைப் பொருள்தான் பாட்டின் உயிர். கொண்டாட்டமும் ஒப்பாரியும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து நிற்பதும் அதனால்தான். ஒரு குறையும் உண்டு. துள்ளல் அவ்வளவு வலுவாக இருப்பதால், ஒப்பாரியை வெட்டிவிட்டாலும் ஆட்டம் நிற்காது. பள்ளிக் கலைநிகழ்ச்சியில் ஆடும் பிள்ளைக்கு அழுகை கேட்காமலே போய்விடலாம்.

இனி மேடைகளுக்கு வருவோம். 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' இதழின் இந்தியப் பதிப்பு அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் உட்படப் பலர் கேள்வி எழுப்பினார்கள். 2022 ஜூலை 28-இல் சென்னையில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழா. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. சில நாளில் அவர் தம் மனக்குறையை வெளியிட்டார், சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். மெட்டு யாருடையது என்பதில் இருவர் பேச்சும் ஒத்துப்போகவில்லை. வரிகள் அறிவுடையவை என்பதில் சச்சரவே இல்லை. 2024 மார்ச்சில், இந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகச் சொன்னார். நட்டவருக்குப் பலன் சேராத கதையைச் சொன்ன பாட்டுக்கே அந்தக் கதி.

பிறர் பாடுவது தவறா? இல்லை. பாடினால்தான் பாட்டு பரவும். ஆனால் இது தன்னிலையில் பேசும் பாட்டு. அந்த 'நான்' மேடையில் இல்லாதபோது, அவர் பெயராவது ஒலிக்க வேண்டும். இல்லையென்றால் காணிக்கை வெறும் கேளிக்கையாகிவிடும்.

இது நம் வகுப்பறைக்கும் பொருந்தும். நாட்டுப்புறப் பாடலுக்கு ஆசிரியர் பெயர் தெரியாது என்று பாடம் நடத்துகிறோம். தெரியாமல் போனதா, யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லையா? நம் தோட்டங்களில் தாலாட்டும் ஒப்பாரியும் பாடிய பாட்டிகளுக்குப் பெயர் இருந்தது.

மாணவர்களே, விடை எழுதும்போது பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர் மூவரையும் பிரித்து எழுதுங்கள். ஒருவர் உழைப்பை இன்னொருவர் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆசிரியர்களே, அடுத்த முறை இந்தப் பாட்டுக்குப் பிள்ளைகள் ஆடும்போது வள்ளியம்மாள், அறிவு என்ற பெயர்களை அறிவிப்பாளரைச் சொல்லச் சொல்லுங்கள். அப்படியே ஓர் இடுபணியும் கொடுங்கள்: வீட்டில் பெரியவங்க பாடின ஒரு பாட்டு, பாடினவர் பெயர், தோட்டத்தின் பெயர். ஒரு பக்கம் போதும்.