சோறு ஆக்கியது யார் என்று விதி கேட்பதில்லை

சென்ற கோடை விடுமுறையில் திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு சண்டை. அக்கா மகளும் அவளுடைய கல்லூரித் தோழிகள் இருவரும் என் மகனும் உட்கார்ந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகி, ஒருவர் கதையை நடத்திச் செல்ல, பகடை உருட்டி முடிவுகளைத் தீர்மானிக்கும் ஆட்டம் அது. நடத்தியவன் என் மகன். அக்கா மகளின் பாத்திரம் ஒரு போர்வீராங்கனை. இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டிய ஒரு வாளை அவள் எடுக்கப் போனபோது இவன் தடுத்தான். பெண் பாத்திரங்களின் பலத்துக்கு ஓர் உச்சவரம்பு வைக்கலாம், பழைய விதிநூலில் அப்படித்தான் இருந்தது என்றான்.

"நெசத்துல ஒரு பொண்ணால இதத் தூக்கி வீச முடியுமாக்கா? கொஞ்சமாவது யதார்த்தம் வேண்டாமா?"

"அப்ப டிராகன் மட்டும் யதார்த்தமாடா?"

"டிராகன் கற்பனை. கையில இருக்குற பலம் கற்பனை இல்லியே."

துணி எடுக்கப் போன நான் அங்கேயே நின்றுவிட்டேன். அவள் கேட்ட கேள்வியைத்தான் நாம் எல்லோரும் கேட்போம். ஆனால் அவன் பதிலைத் தள்ளிவிட முடியாது. எந்த மாயக்கதையிலும் எல்லாமே மாயம் இல்லை. பறக்கும் குதிரை வந்தாலும் தாகம் தாகம்தான், கீழே விழுந்தால் வலிதான். எதை நிஜம்போல் வைத்துக்கொள்வது, எதைக் கதைக்காக விட்டுவிடுவது என்று யாரோ ஒருவர் பிரிக்கத்தான் வேண்டும். அப்படியானால் கேள்வி யதார்த்தம் வேண்டுமா வேண்டாமா என்பதில்லை. யாருடைய உடலில் போய் யதார்த்தம் பார்க்கிறோம் என்பதுதான்.

அவன் சொன்ன பழைய நூலையே எடுத்துக்கொள்வோம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய இந்த ஆட்டம் 1974இல் அமெரிக்காவில் வெளியானது. சிறு பொம்மைப் படைகளை மேசைமேல் நகர்த்தி ஆடும் போர் ஆட்டங்களிலிருந்து பிறந்தது. அந்த மேசைகளைச் சுற்றி இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஒரு காயம் எவ்வளவு ஆழம், ஒரு கவசம் எவ்வளவு கனம் என்ற வாதங்களும் அங்கிருந்தே கூட வந்தன. 1978இல் வந்த 'ரூன்குவெஸ்ட்' போன்ற ஆட்டங்கள் அடி தலையில் பட்டதா, காலில் பட்டதா என்றுகூடப் பகடை உருட்டிப் பார்த்தன. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அப்படிப் பார்க்கவில்லை. ஒரு வீரனுக்கு மொத்தமாக இத்தனை உயிர்ப்புள்ளிகள் என்று கொடுத்தது. அடி விழுந்தால் புள்ளி குறையும், அவ்வளவுதான். உடலை ஓர் எண்ணாக அருவமாக்கிய விதி இது.

அதே 1978இல் இந்த ஆட்டத்தின் விரிவான பதிப்புக்கு 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' வந்தது. அதில் பலம் 3 முதல் 18 வரை. 18 கிடைத்த போர்வீரர் மட்டும் மேலும் ஒன்றிலிருந்து நூறுக்குள் உருட்டித் தன் அபூர்வ பலத்தைக் கூட்டிக்கொள்ளலாம். மனித ஆண் நூறு வரை போகலாம். மனிதப் பெண் ஐம்பதில் நிற்க வேண்டும். குள்ளமான 'ஹாஃப்லிங்' இனத்தில் ஆணுக்கு உச்சம் 17, பெண்ணுக்கு 14. அறிவு, ஞானம், லாவகம், உடலுறுதி, வசீகரம் என்ற மற்ற ஐந்து தன்மைகளிலும் ஆண் பெண் வேறுபாடு இல்லை. பலத்தில் இழந்ததற்கு ஈடாக வேறு எதிலும் ஒரு புள்ளிகூடப் பெண்ணுக்குக் கூடவில்லை. யதார்த்தம் கழிக்க மட்டும் வந்தது, கூட்ட வரவில்லை.

இந்த விதி மேசையில் எத்தனை முறை குறுக்கே வரும்? மூன்று பகடையை நேராக உருட்டினால் 18 விழுவது 216இல் ஒரு தடவை. அதற்குப் பிறகு ஐம்பதைத் தாண்டுவது அதில் பாதி. 432 வீராங்கனைகளில் ஒருத்திக்குத்தான் இந்த வரம்பு இடிக்கும். ஆனால் புத்தகத்தைத் திறக்கும் ஒவ்வொரு பெண்ணும் அந்த அட்டவணையைப் படிப்பாள். மிக அரிதாகவே பயன்படும் ஒரு விதி, தன் இடம் எது என்று எல்லோருக்கும் சொல்லிவைக்கிறது. நம் ஊரில் இப்படிப்பட்ட விதிகளுக்குப் பஞ்சமில்லை.

அடுத்த ஆண்டு, 1979இல், நடத்துநருக்கான 'டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு' வந்தது. அதில் கைகாக்ஸ் ஆட்டங்களை இரண்டு மரபாகப் பிரிக்கிறார். ஒன்று யதார்த்தத்தை அப்படியே காட்ட முயல்வது, மற்றது ஆட்டமாகவே இருப்பது. தன்னுடையது இரண்டாவது, யதார்த்தத்தை அது வற்புறுத்தவில்லை என்கிறார். உயிர்ப்புள்ளி என்பது சதையும் எலும்பும் மட்டும் இல்லை, திறமையும் அதிர்ஷ்டமும் தெய்வ அருளும் சேர்ந்தது என்றும் விளக்குகிறார். இல்லாவிட்டால் ஒரு வீரன் அத்தனை வாள்வெட்டு வாங்கி எப்படி நிற்பான்?

இரண்டு நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. வீரன் பிழைக்க வேண்டிய இடத்தில் உடல் அருவமாகிவிடுகிறது. வீராங்கனை தூக்க வேண்டிய இடத்தில் உடல் நிஜமாகிவிடுகிறது. அவனுக்குத் தெய்வ அருள், அவளுக்குத் தராசு. யதார்த்தம் இங்கே ஒரு கொள்கை இல்லை. வேண்டியபோது எடுத்து, வேண்டாதபோது மூடிவைக்கும் அளவுகோல்.

ஒரு வேடிக்கையும் உண்டு. எங்கள் ஊர் மலைமேல் இருப்பவர் அர்த்தநாரீஸ்வரர். பாதி ஆண், பாதி பெண். அந்த அட்டவணையில் அவரை எந்த வரியில் எழுதுவது? வலது கைக்கு நூறு, இடது கைக்கு ஐம்பதா?

அதற்காக அருவமான விதியே நமக்கு நல்லது என்று சொல்லிவிடவும் முடியாது. அருவம் எதையெல்லாம் மறைக்கிறது என்று பாருங்கள். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் பெண்ணுக்குப் பல வரம்பு இல்லை. நல்லது. ஆனால் அதில் இரவு ஒரு நீண்ட ஓய்வு எடுத்தால் இழந்த உயிர்ப்புள்ளி முழுவதும் திரும்பிவிடும். காயத்தைக் கழுவியது யார், கஞ்சி வைத்தது யார், ரத்தம் தோய்ந்த துணியை அலசியது யார்? பழைய நூல் தங்கக் காசின் எடையைக்கூடப் பத்துக் காசு ஒரு பவுண்டு என்று கணக்கு வைத்தது. புதிய நூலில் ஒரு நாள் உணவுக்கு விலை உண்டு, எடை உண்டு. சமையல் சாமான்கூடப் பட்டியலில் இருக்கிறது. சமைப்பது யார் என்று மட்டும் எந்த விதியும் கேட்பதில்லை. இரவு முழுவதும் தறி ஓட்டிவிட்டு வந்து விடியற்காலையில் அடுப்புப் பற்றவைக்கும் பெண்கள் இருக்கும் ஊரில் உட்கார்ந்து இதைப் படித்தால், அது வெறும் மறதி என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக் கணக்கிலும் அந்த உழைப்புக்கு இதே இடம்தான்.

நம் பாட்டிமார் ஆடிய ஆட்டங்களைத் தொட்டுப் பார்த்தால் இந்த வாதத்துக்கு வேறொரு வெளிச்சம் கிடைக்கிறது. ஆடுபுலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி தாவி ஆட்டை வெட்டும். ஆடு புலியை வெட்டவே முடியாது. இதைவிடக் கறாரான யதார்த்தம் உண்டா? ஆனால் அந்த விதி ஆட்டின் பலவீனத்தை எழுதிய கையோடு நிற்கவில்லை. ஆடுகளுக்கு எண்ணிக்கையைக் கொடுத்தது, சேர்ந்து நின்று வழியை அடைத்தால் புலியைக் கட்டிவிடலாம் என்றும் எழுதியது. ஏற்றத்தாழ்வைக் காட்டும் விதி வேறு, ஏற்றத்தாழ்வை முடிவாக்கும் விதி வேறு. 1978ஆம் ஆண்டு அட்டவணை இரண்டாவது வகை.

பல்லாங்குழியில் ஆளும் இல்லை, விலங்கும் இல்லை. பதினான்கு குழி, கொஞ்சம் புளியங்கொட்டை. முழுக்க அருவம். தொ. பரமசிவன் அந்தக் குழிகளில் தனிச்சொத்து உருவான கதையைப் படித்தார். சமமாகத் தொடங்கி, ஒருவர் கை நிறைய, மற்றவர் குழி காய்ந்துபோகும் கதை. வயதுக்கு வந்தவளையும் பிள்ளைத்தாச்சியையும் வீட்டுக்குள் உட்காரவைத்தபோது அவர்கள் கைக்கு வந்த ஆட்டம் இது. படமே இல்லாத ஆட்டமும் வாழ்க்கையைச் சொல்லும்.

தாயத்தில் இது இன்னும் கூர்மை. தாயம் விழும் வரை காய் கட்டத்துக்குள் இறங்க முடியாது. வெளியேதான் இருக்க வேண்டும். பழைய தமிழில் தாயம் என்றால் வழிவழியாக வரும் சொத்துரிமை. சொல்லாராய்ச்சி செய்ய நான் இதைச் சொல்லவில்லை. என் அம்மாவை நினைத்துச் சொல்கிறேன். மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் திருத்தியது. ஆனால் 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணமான மகளுக்கு அது பொருந்தாது. அம்மாவுக்குக் கல்யாணம் 1984இல். அப்புச்சி வீட்டுத் தோட்டத்துக்கு 1996இல் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது, மாமன்கள் இருவர் பெயரில். கல்யாண நிபந்தனை இல்லாத மத்தியத் திருத்தம் 2005இல் வந்தபோதும், 2004 டிசம்பர் 20க்கு முன்னால் பதிவான பிரிவினையை அது தொடவில்லை. அம்மாவின் முகத்தை அந்தத் தேதிகள் பார்க்கவில்லை. தேதி என்பதும் ஓர் அருவமான கோடுதான். அவளுக்குத் தாயம் விழவே இல்லை.

அதே 1989இல்தான் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விரிவான பதிப்பின் இரண்டாம் வடிவம் வந்தது. பெண்ணின் பல வரம்பு அதில் நீங்கியது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் எந்த விதியும் மலைபோல் நிற்பதில்லை, யாரோ எழுதியதை யாரோ அடிக்கலாம் என்பதற்கு இரண்டுமே சாட்சி. அடித்த பிறகும் யார் வெளியே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பதற்கும்தான்.

அன்று மாடியில் நான் இவ்வளவும் பேசவில்லை. அக்கா மகளே ஒரு வழி கண்டாள். "சரிடா, யதார்த்தமாவே ஆடலாம்" என்றாள். ஒவ்வோர் இரவும் யார் சமைக்கிறார்கள், யார் காயத்துக்குக் கட்டுப் போடுகிறார்கள் என்று எழுதிவைப்பது, எந்த வேலையும் செய்யாதவருக்குக் காலையில் உயிர்ப்புள்ளி திரும்பாது. தோழிகள் உடனே கை தூக்கினார்கள். வாள் வரம்பு வாக்கெடுப்பில் விழுந்தது.

நடத்துபவன் என்றாலும் என் மகனுக்கும் கூடவே வரும் ஒரு மந்திரவாதிப் பாத்திரம் இருந்தது. அந்த மந்திரவாதி மூன்று இரவு சும்மா படுத்தான். நாலாம் நாள் காலையில் ஒரு சாதாரணப் பெருச்சாளி கடித்தே செத்துப்போனான். அன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் அக்கா மகள் தட்டைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தாள். "இது எந்த ரூல்லயும் இல்லியேக்கா" என்று முனகிக்கொண்டே கழுவினான்.