சிரிக்கிற முகமும் கண்ணாடியும்

கண்ணெதிரே தெரிவதன்மேல் இன்னொரு படத்தை ஏற்றிக்காட்டும் ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’ ஆட்டிசக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்ல வந்திருக்கிறது. சரி, வரட்டும். எந்தப் பாடம் என்பதுதான் என் கேள்வி.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான ‘சூப்பர்பவர் கிளாஸ்’ஸை எடுத்துக்கொள்வோம். கூகுள் கிளாஸின் காமிரா எதிரிலிருப்பவர் முகத்தைப் படித்து, எட்டு வகைகளில் ஒன்றைக் குழந்தையின் கண்ணோரம் பொம்மை முகமாகக் காட்டும். 2019இல் வெளியான சோதனையில் 6 முதல் 12 வயதுவரையான 71 குழந்தைகள். அவர்களில் 40 பேருக்குக் கண்ணாடி. ஆறு வாரம் கழித்து, சமூக நடத்தையை அளக்கும் அளவுகோலில் அவர்களுக்கு 4.58 புள்ளி கூடுதல். அளவுகோலுக்குப் பதில் சொன்னவர்கள் பெற்றோர். யாருக்குக் கண்ணாடி கிடைத்தது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அவர்களை நான் குறைசொல்லவில்லை. பிள்ளை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தால் போதும் என்று ஏங்கும் வீடு எங்களுடையதும்தான்.

ஆனால் சிரிப்பு என்றால் மகிழ்ச்சி என்று யார் சொன்னது? தொல்காப்பியமும் மெய்ப்பாட்டை எட்டாகத்தான் வகுக்கிறது. அதில் நகைக்கு நான்கு நிலைக்களன்கள். எள்ளல் அவற்றுள் ஒன்று. முகத்தை மட்டும் வைத்து உணர்ச்சியை உறுதியாகச் சொல்ல முடியாது என்று லிசா ஃபெல்ட்மன் பாரட்டும் சகாக்களும் 2019இல் விரிவாகவே எழுதிவிட்டார்கள். வகுப்பில் நாலு பையன்கள் ஒருவனைச் சூழ்ந்து நின்று சிரிக்கிறார்கள். கண்ணாடி அவனுக்கு என்ன சொல்லும்? ‘மகிழ்ச்சி’ என்று சொல்லும். அவனும் நம்பிச் சிரிப்பான்.

தானே ஆட்டிசக்காரரான டேமியன் மில்டன் 2012இல் இதைத் திருப்பிப் போட்டார்: புரியாமை இரு பக்கமும் இருக்கிறது, பழி மட்டும் ஒரு பக்கம். 2020இல் எடின்பரோ ஆய்வாளர்கள் ஒரு கதையை வாய்வழியாகக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஆட்டிசக்காரர்களுக்குள் மற்றவர்களுக்குள் போலவே நன்றாகப் போயிற்று. இரு சாராரும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது. அப்படியானால் கருவியின் காமிரா ஏன் எப்போதும் ‘இயல்பான’ முகத்தையே பாடநூலாக்குகிறது? அந்தப் பிள்ளை கையை உதறுவதை, காதைப் பொத்துவதை வாசிக்க நமக்கு ஒரு கண்ணாடி வேண்டாமா? குறை யாரிடம் என்று வடிவமைப்பவர் முன்னமே முடிவுகட்டிவிட்ட பிறகு, தொழில்நுட்பம் வெறும் குமாஸ்தாதான்.

கூகுள் 2023இல் அந்தக் கண்ணாடி விற்பனையை நிறுத்திவிட்டது. முகம் பார்க்கச் சொல்லும் வழக்கத்தை நாங்கள் நிறுத்தவில்லை. போன மாதம் அக்கா மகன் சொன்னான்: “மாமா, மொகத்தப் பாக்கச் சொல்லாத. பாத்தா நீ பேசுறது கேக்கல.” நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். இரண்டு பேரும் சன்னலைப் பார்த்தபடி ஒரு மணிநேரம் ரயில்களைப் பற்றிப் பேசினோம்.