புள்ளி வைத்த வீடுகள்

காலையில் எழுந்து கம்ப்யூட்டரைத் திறக்கிறீர்கள். உள்ளூர்ப் பத்திரிகை ஒரு மேப் போட்டிருக்கிறது. உங்கள் தெரு. உங்கள் வீட்டின் மேல் ஒரு புள்ளி. அதை அமுக்கினால் உங்கள் பெயர், விலாசம். 'இவர் கைத்துப்பாக்கி லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்' என்று ஊருக்கே தண்டோரா!

2012 டிசம்பரில் அமெரிக்காவில் இது நிஜமாகவே நடந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் சாண்டி ஹூக் பள்ளிக்குள் புகுந்த ஒருவன், 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றிருந்தான். நாடே கொதித்துக்கொண்டிருந்தது. பத்தே நாளுக்குள், பக்கத்து மாநிலமான நியூயார்க்கின் 'தி ஜர்னல் நியூஸ்' பத்திரிகை, வெஸ்ட்செஸ்டர், ராக்லண்ட் என்ற இரண்டு கவுன்ட்டிகளின் லைசென்ஸ் பட்டியலை அங்குள்ள தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு வாங்கி, மேப்பாகவே போட்டுவிட்டது.

சட்டப்படி தப்பே இல்லை. அப்போது அங்கே அது பொது ஆவணம். ஆனால், சட்டம் அனுமதிப்பதெல்லாம் நியாயமாகிவிடுமா என்ன?

அடித்து உதைத்த கணவனிடமிருந்து தப்பி, வேறு ஊரில் ஒளிந்து வாழும் ஒரு பெண் லைசென்ஸ் வாங்கியிருக்கலாம். அவள் விலாசத்தை அவனுக்கு யார் சொன்னது? பேப்பர் சொன்னது! திருடனுக்கும் வேலை சுலபம். துப்பாக்கியைத் திருட வேண்டுமா, புள்ளி உள்ள வீடு. பயமில்லாமல் நுழைய வேண்டுமா, புள்ளி இல்லாத வீடு.

சரி, மேப்பால் தெரிந்ததுதான் என்ன? லைசென்ஸ் இருந்தால் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதைவிடக் கூத்து, அந்தக் கவுன்ட்டிகளில் அப்போது ரைஃபிளுக்கு லைசென்ஸே தேவையில்லை. சாண்டி ஹூக் குழந்தைகளைக் கொன்றதோ ரைஃபிள். அது மேப்பில் வரவே வராது!

மிரட்டல்கள் குவிந்தன. கடைசியில் பத்திரிகை ஆபீஸுக்கே துப்பாக்கி ஏந்திய காவலாளிகள். 2013 ஜனவரியில் நியூயார்க் கொண்டுவந்த புதிய துப்பாக்கிச் சட்டம், 'என் விவரத்தை வெளியே தராதே' என்று கேட்கும் உரிமையை லைசென்ஸ்தாரர்களுக்குத் தந்தது. சில நாளில் பத்திரிகையும் பெயர்களை நீக்கிவிட்டது.

இதுவரை சபாஷ். ஆனால், தனிமனிதருக்குத் தந்த போர்வைக்குள் கடைக்காரரும் நைஸாக நுழைந்து படுத்துக்கொள்கிறாரே, அங்கேதான் எனக்கு உதைக்கிறது.

நான் காமர்ஸ் படித்தவன். கணக்கைப் பார்த்தால்தான் திருப்தி. அமெரிக்காவில் துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் ஏ.டி.எஃப். என்ற அரசுத் துறை, 2000-ல் ஒரு கணக்கை வெளியிட்டது. 1998-ல் குற்றங்களில் சிக்கிய துப்பாக்கிகள் எங்கே விற்கப்பட்டவை என்று தேடிப் போனார்கள். அப்போது தொழிலில் இருந்த கடைகளில் போய் முடிந்தவற்றில் 57 சதவிகிதத்துக்கும் மேல், வெறும் 1.2 சதவிகிதக் கடைகளில் விற்றவை!

விற்றதாலேயே கடைக்காரர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். ஆனால், யாரைக் கேள்வி கேட்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது அல்லவா? 2003-ல் டோட் டீஹார்ட் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். போலீஸ் விசாரணைக்கு அந்த விவரம் கிடைக்கும், பொதுமக்களுக்குத் தடை.

வீட்டு ஜன்னலுக்குத் திரை போடுங்கள், நியாயம். கடை வாசலுக்கு எதற்கு அய்யா திரை?