குளமங்கலத்துக் குதிரையும் வண்ணப் பென்சில் ஃபில்டரும்

புகைப்படம் ஒன்றைக் கொடுத்தால் அதை மனிதக் கரம் வண்ணப் பென்சிலால் தீட்டிய சித்திரமாக மாற்றித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் இன்று கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் மலிந்து கிடக்கின்றன. கல்யாணப் பத்திரிகையில் மணமக்களின் உருவத்தை அச்சிட விரும்புவோர் முதல் கோயில் மலருக்கு அட்டைப்படம் தேடுவோர் வரை பலரும் அவற்றை நாடுகிறார்கள். மாதச் சந்தா கட்டிப் பெறும் ஃபோட்டோஷாப்பில் நெடுங்காலமாக இருந்துவரும் ‘கலர்டு பென்சில்’ ஃபில்டரையும், காசில்லாமலே கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் நாமே சில படிகளில் அமைத்துக்கொள்ளக்கூடிய முறையையும், புதுக்கோட்டை ஜில்லாவில் எடுத்த படங்களைக் கொண்டு பரீட்சித்துப் பார்த்தேன். அதன் பயன் இது.

ஃபோட்டோஷாப்பின் ஃபில்டரில் மூன்றே ஸ்லைடர்கள்: பென்சிலின் பருமன், கோட்டின் அழுத்தம், காகிதத்தின் வெண்மை. காகிதத்தின் நிறம் என்பது நாம் அப்போது பின்னணி நிறமாக எதை வைத்திருக்கிறோமோ அதுவே. இதனை அறியாதவர்க்கு முதல் முயற்சியிலேயே கறுத்த காகிதம் வாய்க்கக் கூடும். பருமனுக்கு உச்ச வரம்பு 24 என்பதால், இக்காலக் கைப்பேசி எடுக்கும் பெரிய படத்தை அப்படியே கொடுத்தால் கோடுகள் மயிரிழையாகித் தெரியாமலே போகின்றன. நீண்ட பக்கம் 2000 புள்ளிகளுக்குள் வருமாறு படத்தைச் சுருக்கிக்கொண்டு தொடங்குவதே விவேகம். அச்சகத்துக்கென சிஎம்ஒய்கே முறையில் மாற்றிய படத்துக்கு இந்த ஃபில்டர் இணங்காது. ஆர்ஜிபி முறையிலேயே வேலையை முடித்துவிட்டுப் பிறகு மாற்ற வேண்டும்.

கிம்ப்பில் செய்யும் முறை இதனினும் ருசிகரமானது. யந்திரம் எதைக் கோடு என்று கருதுகிறது என்பது அதில்தான் வெட்டவெளிச்சமாகிறது. படத்தை ஒரு லேயராகப் பிரதி எடுத்து, அதன் நிறங்களைத் தலைகீழாக்கி, காஸியன் முறையில் மங்கச் செய்து, அந்த லேயரை ‘டாட்ஜ்’ முறைக்கு மாற்றினால், படம் முழுதும் வெளுத்து ரேகைகள் மட்டும் மிஞ்சுகின்றன. மூலப் படத்தையே மீண்டும் மேலே வைத்து, ‘மல்டிப்ளை’ முறையில் பாதிக்கும் குறைவான அடர்த்தியில் படியவிட்டால் வர்ணம் திரும்பி வருகிறது. இதன் கணக்கு எளியது. ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் அதன் சுற்றுப்புறத்தின் சராசரி ஒளியால் வகுக்கப்படுகிறது. சுற்றுப்புறத்தை ஒத்த புள்ளி வெண்காகிதமாகிறது, அதனினும் இருண்ட புள்ளி கோடாகிறது. ஆகவே, இம்முறைக்குப் பொருளின் வடிவம் தெரியாது, ஒளியின் வேற்றுமை ஒன்றே தெரியும்.

1687-இல் சேதுபதி மன்னர் எடுப்பித்ததாகச் சொல்லப்படும் திருமயம் கோட்டையின் படத்தில் இந்த அறியாமை அப்பட்டமாக வெளிப்பட்டது. மதிலின் விளிம்பு, பாறையின் வெடிப்பு, மழைநீர் வழிந்த கறை, கற்களுக்கிடையே முளைத்த புல் ஆகிய யாவும் ஒரே அழுத்தத்தோடு கோடுகளாகி, கோட்டை எது குன்று எது என்று கண் தடுமாறும்படி ஆயிற்று. ஆனந்த விகடனின் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகக் கோயில் கோயிலாகச் சென்று சிற்பங்களை வரைந்த சில்பியின் சித்திரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, எதை விட்டுவிடுவது என்ற தீர்மானமே சித்திரத்தில் பாதி என்பது தெரியும். அந்தத் தீர்மானம் இங்கே நடைபெறவே இல்லை.

ஆனால் குளமங்கலத்துப் படம் என் அபிப்பிராயத்தை வெகுவாக மாற்றியது. அங்குள்ள பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில், 30 அடிக்கு மேல் உயர்ந்து தாவும் தோற்றத்தில் நிற்கும் குதிரைச் சிலைக்கு, மாசி மகத்தன்று பக்தர்கள் காகிதப்பூ மாலைகளைச் சாத்துவது வழக்கம். கழுத்திலிருந்து தரை வரை சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக மாலைகள் குவிந்து, குதிரையின் உடலே மறைந்துபோகும். இந்தக் கோலத்தை இரண்டு முறைகளும் அற்புதமாகத் தீட்டின. ஒவ்வொரு காகித இதழும் தனித்த ஒரு நிறத்தோடும் தனக்கென ஒரு நிழலோடும் இருப்பதனால், வேற்றுமையைத் தேடும் யந்திரத்துக்கு எங்கு நோக்கினும் வேலை இருக்கிறது. குதிரைக்குப் பின்னால் மாசி மாதத்து வெளிர்வானமோ வேற்றுமை ஏதுமின்றித் தானாகவே வெறுங்காகிதமாகிவிடுகிறது. ஒரு தேர்ந்த ஓவியரும் அந்த இடத்தை அப்படித்தான் விட்டிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

முகங்களின் விஷயம் வேறு. முதியவர் ஒருவரின் சுருக்கம் விழுந்த முகம் நன்றாகவே அமைந்தது. இளம்பெண்ணின் கன்னத்தில் வேற்றுமை இல்லாமையால் அங்கே காகிதம் எட்டிப் பார்க்கிறது. நம் நாட்டு மாநிறத்தின் மேல் அந்த வெள்ளை, தேமல் போலத் தோன்றுகிறது. பின்னணி நிறத்தைச் சந்தன நிறமாக வைத்துக்கொண்டால் இக்குறை பெரும்பாலும் தணிகிறது. எனினும் இந்த ஃபில்டரை அதிகம் வேண்டுவோர் கல்யாண வீட்டார் என்பதும், அது மிகவும் சங்கடப்படுவது மணமகளின் முகத்தில் என்பதும் வேடிக்கையான முரண்தான்.

2015-இல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், ஓர் ஓவியத்தின் பாணியை வேறொரு படத்துக்கு ஏற்றும் வழியை நரம்பு வலைப்பின்னல்களைக் கொண்டு கண்டனர். மறு ஆண்டில் வந்த பிரிஸ்மா முதலாய செயலிகள் அவ்வழியே சென்றவை. அவை முகத்தை நளினமாகக் கையாளுகின்றன; ஆயினும் பரிச்சயமான முகத்தையும் அந்நியமாக்கிவிடும் அபாயம் அவற்றில் உண்டு.

இரு வகைக்கும் எட்டாதது ஒன்று இருக்கிறது. மெய்யான வண்ணப் பென்சிலில் மெழுகோடு கலந்த நிறமி காகிதத்தின் சொரசொரப்பில் மெல்லிய படலமாகப் படிகிறது. சிவப்பின் மேல் மஞ்சள் ஏறும்போது இரண்டும் ஊடே தெரிந்து மூன்றாவதொரு நிறம் பிறக்கிறது. ஃபில்டரோ ஏற்கெனவே படத்தில் உள்ள நிறத்தையே கோடாக நறுக்கித் தருகிறது. சித்தன்னவாசல் அறிவர் கோயில் தூணில் ஆடும் நங்கையைப் பார்த்தவர்க்கு இன்னொன்றும் புலப்படும்: அவளது வீசிய கரத்தைச் சூழும் ரேகை, ஒளி மாறும் இடத்தில் விழுந்த தற்செயலன்று, வடிவை வளைத்துப் பிடிக்க ஒருவன் மனமறிந்து இழுத்தது.

ஆதலால் என் தீர்ப்பு இது. கோலாகலமான நிறங்கள் கொண்ட திருவிழா, பூக்கடை, பொம்மைக் கொலு போன்ற காட்சிகளை நல்ல வெயிலில் எடுத்து வைத்திருப்போர்க்குக் கிம்ப்பே போதும், சந்தா வீண். பளபளப்பற்ற தடித்த காகிதத்தில் அச்சிட்டு, அதன் மேல் சாதாரண வண்ணப் பென்சிலால் இரண்டொரு இடங்களில் அழுத்தம் கொடுத்துக்கொண்டால் பலன் இரட்டிக்கும். கல்யாணப் பத்திரிகைக்கு முகம் வேண்டுவோர், நம் ஊரில் இன்னும் கையால் வரையும் ஓவியர் ஒருவரிடம் புகைப்படத்தைக் கொடுத்து வரைந்து வாங்குவதே உத்தமம்.