சிறைப்பட்டவனின் குரல்: லயனல் வென்டின் கலை

கண்டி நடனத்தை உலகின் கண்முன் நிறுத்திய கலைஞருள் லயனல் வென்ட் (1900–1944) குறிப்பிடத்தக்கவர். பியானோக் கலைஞர், நிழற்படக் கலைஞர், விமர்சகர் எனப் பல துறைகளிலும் இயங்கியவர். 1943இல் '43 குழு' உருவாகத் துணைநின்றவர். அவரை அழகின் உபாசகராக மட்டும் காணும் மதிப்பீடு குறையுடையது.

வென்ட் இங்கிலாந்தில் சட்டம் பயின்றவர். நாடு திரும்பியபின் அத்தொழிலைத் துறந்து கலையைத் தழுவினார். அவர் தற்பால் விருப்பினர் என்பதைப் பிற்கால ஆய்வாளர் எடுத்துரைத்துள்ளனர். பிரித்தானிய ஆட்சி 1883இல் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவோ ஆண்களிடையேயான உறவைக் குற்றமாக்கியிருந்தது. காவலர் கதவைத் தட்டாதபோதும் இத்தகைய சட்டம் வன்முறையே. மனிதன் தன்னைத்தானே ஒளித்துவாழ அது பழக்குகிறது. அவர்தம் நிழற்படங்களில் ஆணுடல் ஒளியிற் துலங்க, சிலவற்றில் முகம் நிழலில் மறைவது இப்பின்னணியில் நோக்கற்பாலது.

பசில் றைட் இயக்கிய 'சோங் ஒஃப் சிலோன்' (1934) என்னும் ஆவணப்படத்தில் ஒலிக்கும் குரல் வென்டினுடையது. அவர் வாசிப்பது, 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் தடுத்துவைக்கப்பட்ட றொபேட் நொக்ஸின் நூற்பகுதிகளை. தன் விருப்பை வெளியிட இயலாத ஒருவர் சிறைப்பட்டவனின் சொற்களைப் பேசுகிறார். அக்குரலின் அமைதியான துயரத்துக்கு இதுவும் ஒரு காரணமெனக் கொள்வது தவறாகாது.

எனினும், ஒடுக்கப்பட்டவரின் பார்வை அனைத்தும் விடுதலைப் பார்வை ஆகிவிடாது. கண்டி நடனக்காரர் கோயில் நிலத்துக்கும் சாதிச் சேவைக்கும் கட்டுண்டிருந்தவர்கள். வென்டின் ஒளி அவர்தம் உடலுக்குக் கம்பீரம் தந்தது, அக்கட்டினைக் காட்டவில்லை. தேயிலைப் பிரசாரத்துக்கென உருவான அப்படத்தில் கொழுந்து பறிக்கும் கரங்கள் உண்டு. ஆனால் நொக்ஸின் நூலோ மலையகத் தமிழர் வருகைக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தியது. எனவே அத்தொழிலாளருக்கு அதில் உருவம் உண்டு, சொல் இல்லை.

வென்ட் மறைந்தபின் அவர்தம் மூலப்படச் சுருள்கள் அழிக்கப்பட்டன. சட்டமோ அழியவில்லை, 1995ஆம் ஆண்டுத் திருத்தம் 365அ பிரிவைப் பெண்களுக்கும் விரித்தது. ஒரு காயம் மற்றொரு காயத்தை அடையாளங்காணும் கணமே வென்டின் கலையின் உச்சம். அடையாளங்கண்டும் பெயர்சொல்லாது நின்றமையே அதன் எல்லை. உச்சத்தைப் போற்றுவோர் எல்லையையும் கூறக் கடமைப்பட்டவராவர்.