கீழே இடமிருக்கு, அங்கே யாருடைய கை?

நானோ தொழில்நுட்பத்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனின் ஓர் உரையிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 1959 டிசம்பர் 29 அன்று அமெரிக்காவின் கால்டெக்கில் நிகழ்த்தப்பட்டது அது. கீழே ஏகப்பட்ட இடம் கிடக்கிறது என்று சொல்கிற தலைப்பு. குண்டூசித் தலையில் கலைக்களஞ்சியத்தையே எழுதிவிடலாம் என்கிறது. அறிவியல்தானே, நமக்கென்ன என்று நாம் இதை வாசிக்காமல் விட்டுவிடுகிறோம். விடக்கூடாது. ‘கீழே’ என்று எவன் சொன்னாலும் நாம நின்னு கேக்கணும்.

மிகச் சின்னக் கருவிகளை எப்படிச் செய்வது? கதிர்வீச்சுப் பொருளைத் தூர நின்று கையாள இயந்திரக் கைகள் உண்டு. இங்கே ஒருவர் கையை அசைத்தால் அங்கே அது அசையும். ஆண்டான்–அடிமை ஏற்பாடு என்று அதற்குப் பெயர். அதில் கால் பங்கு அளவில் அடிமைக் கைகள் செய்வது, அவற்றைக் கொண்டு இன்னும் சின்னக் கைகள் செய்வது, கடைசியில் கோடிக்கணக்கில் குட்டிப் பட்டறைகள். இப்படிப் போகிறது உரை. அந்தப் பெயர் பொறியியல் வழக்கு, ஃபைன்மன் உண்டாக்கினது இல்ல. ஆனால் பிரதியைக் கவனியுங்கள். பட்டறை முழுக்க வேலை நடக்குது, வேலைக்காரனைக் காணோம். கூலி கேட்காத, களைக்காத, நோய் வராத கைகள். எல்லா ஆண்டைகளும் கண்ட கனவு இதுதானே?

நடந்தது வேறு. புத்தகப் பக்கம் ஒன்றை 25,000 மடங்கு சுருக்கி எழுத ஃபைன்மன் அறிவித்த 1,000 டாலர் பரிசை 1985இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர் டாம் நியூமன் வாங்கினார். எலக்ட்ரான் கற்றையால் எழுதினார். அந்த வழிக்கும் உரையில் கோடு உண்டு. ஆனால் எழுதியது அடிமைக் கை இல்லை. ராப்பகலாக் கத்துக்கிட்ட ஒரு மாணவரின் கை.

இன்று இது பாடமாகிவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 6.152 என்ற பாடத்தில் மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் இறங்கிச் செய்தே படித்தார்கள். இந்த வேலை எங்கும் ஒரே மாதிரிதான். சிலிக்கான் தகட்டைக் கழுவு, ஒளிபட்டால் மாறும் பசையைச் சுழற்றிப் பூசு, மஞ்சள் விளக்கில் வேலை செய், அமிலத்தில் அரி, மறுபடி கழுவு. மூளைக்காரனும் தொட்டி முன்னால் நின்றாகணும். அந்தத் தூய அறையின் விதி இன்னும் ருசியானது. எந்தச் சாதி உடம்பானாலும் தோல் உதிரும், உதிர்வது தகட்டைக் கெடுக்கும். ஆகவே எல்லாரும் தலை முதல் கால் வரை மூடிக்கொள்ள வேண்டும். பிறப்பால் சுத்தமானவன் அங்கே ஒருத்தனும் கிடையாது.

ஆனால் அந்தச் சுத்தம் யாருக்காக? தகட்டுக்காக. அங்கிக்குள்ளே இருக்கிற உடம்புக்காக இல்லை.

தென்கொரியாவில் சாம்சங்கின் கிஹங் ஆலையில் ஹ்வாங் யூ-மி என்ற இளம்பெண் தகடுகளை ரசாயனத்தில் முக்கி எடுக்கும் வேலை செய்தார். ரத்தப் புற்றுநோய் வந்து 2007இல் 22 வயதில் இறந்தார். கூட வேலை பார்த்த பெண்ணுக்கும் அதே நோய், அதே முடிவு. டாக்சி ஓட்டும் அப்பா விடாமல் போராடினார். 2011இல் நீதிமன்றம் அதைத் தொழில்சார்ந்த சாவு என்று ஏற்றது. 2018இல் நிறுவனம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது.

மாணவர் முக்கினால் மதிப்பெண், அந்தப் பெண் முக்கினால் சாவு. தகடு ஒன்று, தொட்டி ஒன்று, கை மட்டும் வேற. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் தோல் வழியே இறங்கி எலும்பு வரை போகும் என்று மாணவருக்கு முதலிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள், களிம்பும் பக்கத்திலேயே இருக்கு. நியாயம். அதே அறிவு ஆலைக் கைக்கும் உரிமை என்று சொல்லாத பாடத்திட்டம் அரைப் பாடத்திட்டம்தான்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் மும்பை ஐ.ஐ.டி.யிலும் வெளிக்கல்லூரி மாணவர்கள் இந்த வேலையைப் பழக 2008இல் அரசுத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. இதுமாதிரிக் கதவுகள் வழியா நம்ம பிள்ளைங்க கூச்சமில்லாம உள்ளே போகணும். கைவேலையைக் கேவலமென்று நமக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை, அது நம் பலம். போகும்போது ஃபைன்மனை வாசியுங்கள், ஹ்வாங் யூ-மியையும் வாசியுங்கள். கீழே இடம் இருக்கு, உண்மைதான். அது காலியிடம் இல்லை, தோழர்களே. அங்கே ஏற்கனவே ஆள் இருக்காங்க.